முழங்காலைப் பற்றி நான் சொன்ன பொய்

நன்றி சொல்வதற்கு முன்னால் நான் ஒரு சாட்சியைத் திருப்பி வாங்க வேண்டும். இரண்டரை வருடங்களுக்கு முன்னால், தைப்பொங்கல் கழிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, நம்முடைய ஜெப வீட்டில் எழுந்து நின்று, என் வலது முழங்கால் சுகமாகிவிட்டது என்று சொன்னேன். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். பாஸ்டரம்மா அழுதார்கள். அது பொய். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது படியில் இறங்க முடியாமல், கூட்டம் கலைந்து போகும்வரை செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்து நின்றேன்.

இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் இதை மறைத்துவிட்டு மீதியைச் சொன்னால், ஆண்டவர் எனக்குச் செய்தது உங்களுக்கு விளங்காது.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ஸ்டெல்லா. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். கணவர் கொழும்பில் கடை வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வருவார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் நானும் அவருடைய தங்கை சாந்தியும் இருக்கிறோம். சாந்தி யார் எதைச் சொன்னாலும் நம்புவாள். நான் யார் எதைச் சொன்னாலும் நம்பமாட்டேன். இரண்டு பேரையும் கூட்டி இரண்டாக வகுத்தால்தான் ஒரு ஒழுங்கான மனுஷி கிடைப்பாள் என்று அவர் கேலி செய்வார்.

என் சந்தேகம் இன்று நேற்று வந்ததில்லை. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் என்னை முள்ளுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் சாக்கை மாட்டிவிட்டு எத்தனை கிலோ என்று பார்ப்பார்கள். நான் சாக்கை மாட்டுவதற்கு முன்னால் பார்ப்பேன். வெறும் தராசில் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே நின்றால், காலையிலிருந்து மழையில் நனைந்து எடுத்த கொழுந்தில் ஒரு பங்கு நம் கண் முன்னாலேயே காணாமல் போய்விடும். ஒருநாள் முள் கீழே நின்றது. நான் சாக்கை மாட்டமாட்டேன் என்று நின்றுவிட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் திட்டினார்கள். கணக்கப்பிள்ளை முறைத்துக்கொண்டே திருகாணியைத் திருகி முள்ளைச் சரிசெய்தார். அன்றைக்கு வைத்த பெயர் அது. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

அந்தச் சாட்சி சொல்வதற்கு முந்தின ஆடி மழையில்தான் விழுந்தேன். கூடை நிறையக் கொழுந்து. தேயிலைச் செடிகளுக்கு நடுவே தண்ணீர் ஓடுகிற கானைத் தாண்டும்போது கால் வழுக்கி, முழங்கால் ஒரு பக்கம் திரும்பிக் கல்லில் அடித்தது. எக்ஸ்ரேயில் எலும்பு உடையவில்லை என்று வந்தது. மாத்திரை தந்தார்கள். தைலம் தேய்த்தேன். வீக்கம் வடிந்தது, திரும்ப வந்தது. ஏறும்போது வலி. இறங்கும்போது அதைவிட வலி. சில நாள் முழங்கால் பாதியில் மாட்டிக்கொண்டு நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது.

மலையில் நிற்க முடியாவிட்டால் வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டுவார்கள். பேர் போனால் லயத்தில் நாங்கள் இருக்கிற காம்பராவும் போய்விடும் என்ற பயம் எங்களுக்கு எப்போதும் உண்டு. எங்கள் வீட்டில் தோட்டத்தில் பேர் இருந்தது எனக்கு மட்டும்தான். அதனால் வலியை யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் சின்ன வயதிலிருந்தே ஒன்று ஊறிப்போயிருக்கிறது. பேனாவும் கொப்பியும் வைத்திருக்கிறவரிடம் வலி என்று சொல்லக் கூடாது. சொன்னால் அது எங்கேயோ எழுதப்படும். எழுதப்பட்டது என்றைக்கோ ஒருநாள் நம்மைத் தேடி வரும்.

ஜெப வீட்டிலும் அதே பயம். மலையில் எங்களை வேலை வாங்குகிற கங்காணியின் மனைவி ரோஸ்மேரி அக்கா முன்வரிசையில் உட்காருவார். நான் முழங்கால் போடாமல் கதிரையில் உட்கார்ந்து ஜெபிப்பதை அவர் திரும்பிப் பார்த்தார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. இவர் வீட்டில் போய்ச் சொல்வார், கங்காணி காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் சொல்வார், அப்புறம் தோட்டத்தை நடத்துகிற தொரை காதுக்குப் போகும் என்று என் மனதில் ஒரு படமே ஓடியது. அதனால்தான் பாஸ்டர் எனக்காக ஜெபித்துவிட்டு, வலி போய்விட்டதா என்று கேட்டபோது, போய்விட்டது என்றேன். சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். ரோஸ்மேரி அக்காவுக்குக் கேட்க வேண்டும் என்று சத்தமாகச் சொன்னேன்.

கண்டி ஆஸ்பத்திரி கிளினிக்கிலும் அதே கதை. ஸ்கேன் எடுக்க நீண்ட நாள் காத்திருந்தேன். எலும்பின் நுனியில் மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பில் ஒரு குழி விழுந்திருக்கிறது என்று சொன்னார்கள். எலும்பு ஒட்டும், தசை வளரும், ஆனால் இந்தக் குருத்தெலும்பு தானாக வளராதாம். அங்கே ஒரு சிங்கள டொக்டர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். நுவரெலியாவில் வேலை செய்தபோது தமிழ் படித்துக்கொண்டாராம். வலி எத்தனை, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள் என்று கேட்டார். கையில் பேனா. நான் ஒன்று என்றேன். அடுத்த தடவையும் ஒன்று என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

இந்த நிலையில்தான் சாந்தி ஒருநாள் ஓடி வந்தாள். ஹட்டனில் கல்யாண மண்டபத்தின் மேல்மாடியில் கூட்டமாம். ஸ்டெம் செல் என்று ஒரு ஊசி வந்திருக்கிறதாம். முழங்காலில் போட்டால் தேய்ந்த குருத்தெலும்பு முளைத்துவிடுமாம். நம் சபையிலிருந்து ஆறேழு பேர் போகிறார்களாம்.

போனேன். போகாமல் எப்படிச் சந்தேகப்படுவது?

வெள்ளைக் கோட் போட்ட ஒருவர் பேசினார். டொக்டரா என்று அவரும் சொல்லவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை. பேச்சை ஜெபத்தோடு ஆரம்பித்தார். வார்த்தைக்கு வார்த்தை ஸ்தோத்திரம் என்றார். வந்திருப்பவர்கள் ஜெப வீட்டுக்காரர்கள் என்று யாரோ அவருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து வரிசையில் ராகலையிலிருந்து வந்த இரண்டு பேர் நெற்றியில் திருநீறு பூசியிருந்தார்கள். அவர்களைப் பார்க்கும்போது முருகன் அருள் என்றார். அங்கேயே எனக்குச் சுருக்கென்றது. ஊசி மருந்து வெளிநாட்டிலிருந்து போத்தலில் வருகிறது, முழங்கால், சீனி வருத்தம், கண் மங்கல் எல்லாவற்றுக்கும் அதே போத்தல்தான் என்றார். திரையில் ஒரு பாட்டி ஊன்றுகோலோடு நடக்கிற படம், அடுத்தது கோலில்லாமல் நடக்கிற படம். இரண்டாவது படத்தில் இருந்தது அதே பாட்டிதானா என்று நான் எழும்பிக் கிட்டே போய்ப் பார்ப்பதற்குள் படம் மாறிவிட்டது.

நான் கை தூக்கினேன். ஊசி போடுவதற்கு முன்னால் என் முழங்காலை ஸ்கேன் எடுப்பீர்களா, போட்ட பிறகு அதே மாதிரி எடுத்து இரண்டையும் என்னிடம் காட்டுவீர்களா என்று கேட்டேன். மடுவத்தில் முள்ளைப் பார்ப்பதுபோல்தான் கேட்டேன். அவர் சிரித்தார். மண்டபம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

"சிஸ்டர், நம்பிக்கை இல்லாம போட்டா செல் வேலை செய்யாது."

சாந்திக்கு முகம் சிவந்துவிட்டது. பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஆனால் வரும் சனிக்கிழமைக்கு என் பெயரையும் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். கூரைத் தகடு மாற்ற அவள் சேர்த்து வைத்திருந்ததை எனக்காகத் தருகிறாளாம். அந்த அன்பைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது.

அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று. அந்தக் கோட்டுக்காரர் சொன்னது என் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஒருவேளை எனக்கு நம்பிக்கை இல்லாததால்தான் சுகம் வரவில்லையோ? என் சந்தேகமே பாவமோ? அந்த வாரம் கங்காணி என்னைப் பார்த்து, காலுக்கு ஏதாவது வழி பாருங்கள், எத்தனை நாளைக்கு இப்படி என்று சொல்லிவிட்டுப் போனார். பேர் வெட்டப் போகிறார்கள் என்றே எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை கண்டி கிளினிக். புதன்கிழமை மாலை சாந்தி தண்ணீருக்குப் போயிருந்தபோது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். முழங்கால் போட முடியவில்லை. ஆண்டவரே, எனக்கு யாரையும் நம்பத் தெரியாது, நம்பக்கூடிய ஒரே ஒரு ஆளைக் காட்டும், காட்டாவிட்டால் சனிக்கிழமை போய் அந்த ஊசியைப் போட்டுக்கொள்வேன் என்றேன். அது ஜெபமா மிரட்டலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும்.

காலை முதல் பஸ். லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை மழையில் நனைந்திருந்தது. ஆளில்லாத இடங்களில் நான் இறங்குகிற முறை உங்களுக்குத் தெரியாது. உட்கார்ந்து, கைகளை ஊன்றி, சறுக்கி இறங்குவேன். அன்றைக்கும் அப்படித்தான் இறங்கினேன். கீழே வந்து பாவாடையைத் தட்டிவிட்டேன். கினிகத்தேனையில் பஸ் நின்றபோது எல்லாரும் தேநீர் குடிக்க இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. இறங்கினால் திரும்ப ஏற வேண்டும்.

டொக்டர் வழக்கம்போலக் கேட்டார்.

"அம்மா, வலி எத்தனை?"

"ஒண்ணுதாங்க டொக்டர்."

கட்டிலில் ஏறிப் படுக்கச் சொன்னார். நான் திரும்பியபோது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"பாவாடை பின்னுக்கு மண். விழுந்தீங்களா?"

இல்லை என்றேன். அப்படியென்றால் எப்படி என்று கேட்டார். அவருடைய பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எதைப் பார்க்கிறேன் என்று அவர் பார்த்தார். பிறகு என் ஃபைலை மூடினார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். கதிரையை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப எழுத இல்ல. சொல்லுங்க."

"ஒம்பது," என்றேன்.

சொன்னதும் தேம்பித் தேம்பி அழுதேன். ஒன்றரை வருடமாக யாரிடமும் சொல்லாத எண் அது. புருஷனிடம் சொல்லவில்லை. ஆண்டவரிடமும் சொல்லவில்லை. ஜெபத்தில்கூட, கொஞ்சம் வலிக்கிறது ஆண்டவரே என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டொக்டர் கோபப்படவில்லை. நான் ஒன்று ஒன்று என்று சொன்னதால், அவசரமில்லாதவர்களின் வரிசையில் என்னைப் போட்டிருந்தாராம். என்னைவிடக் குறைந்த வலி உள்ளவர்கள் எனக்கு முன்னால் போய்விட்டார்கள். யாரும் என்னை ஏமாற்றவில்லை. என்னை ஏமாற்றியது நான்தான்.

ஹட்டன் ஊசியைப் பற்றிக் கேட்டேன். அந்தப் போத்தலில் இருப்பது என்னவென்று தனக்குத் தெரியாது, விற்கிறவருக்கும் தெரிந்திருக்காது, ஸ்கேன் பார்க்காமல் முழங்காலுக்குள் ஊசி போடுகிறவரிடம் போக வேண்டாம் என்றார். ஆனால் ஸ்டெம் செல் என்பதே பொய் என்று அவர் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். அங்கேயே ஆராய்ச்சியாக ஒன்று செய்கிறார்களாம். என்னுடைய இடுப்பெலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையை எடுத்து, மெஷினில் சுழற்றி, அதில் வேண்டிய செல்லைப் பிரித்து, அந்தக் குழியில் வைத்து மூடுவார்கள். விழுந்ததால் வந்த குழி, மற்ற இடம் நன்றாக இருக்கிறது, அதனால் எனக்குப் பொருந்தலாம் என்றார். முழங்கால் முழுக்கத் தேய்ந்த வயதானவர்களை இதில் சேர்ப்பதில்லையாம்.

"சரிவருமா டொக்டர்?"

"சில பேருக்கு சரிவந்தது. சில பேருக்கு இல்ல. உங்களுக்கு எப்படின்னு எனக்கு தெரியாது."

அந்தத் தெரியாது என்ற சொல்லைக் கேட்டபோது என் உடம்பு சிலிர்த்தது. பேனா வைத்திருக்கிற ஒருவர் என்னிடம் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கோட்டுக்காரருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இவருக்குத் தெரியாததும் இருந்தது. முந்தின நாள் மாலை நான் கேட்ட ஆள் இவர்தான் என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

ஒன்று மட்டும் கேட்டார். முதலில் வலி எத்தனை என்பதை உள்ளபடி சொல்ல வேண்டும். ஆரம்பம் பொய்யானால், பிறகு குறைந்ததா கூடியதா என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஊரில் எல்லாருடைய தராசிலும் முள்ளைப் பார்த்தவள் நான். இத்தனை நாளும் பூஜ்யத்துக்குக் கீழே முள்ளை வைத்துக்கொண்டு நின்றவளும் நான்தான்.

ஊருக்கு வந்து சனிக்கிழமை நாங்கள் போகவில்லை என்று சாந்தியிடம் சொன்னேன். சண்டை போட்டாள். நம் சபையில் ஒரு சகோதரி போய் ஊசி போட்டுக்கொண்டார். அவருடைய அனுமதியோடு சொல்கிறேன். நாலாம் நாள் முழங்கால் சிவந்து வீங்கி, காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தார். கோட்டுக்காரரின் போன் வேலை செய்யவில்லை. நான் அந்தச் சகோதரி வீட்டுக்குப் போய் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சாந்தியோடு சண்டை போட்டுக் களைத்துப்போய் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அதற்காக நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

பிறகு டொக்டர் தந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்து ஒபிசுக்குப் போனேன். பல மாதம் மலை ஏறக் கூடாது என்று அதில் இருந்தது. தொரை வாசித்தார். ஆறின பிறகு நாற்று வளர்க்கிற தவறணையில் உட்கார்ந்து பைக்கு மண் நிரப்புகிற வேலை தருகிறேன், பேர் இருக்கும் என்றார். நான் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போட்டுத் தந்தார். என்ன செய்வது, பழக்கம் அப்படி.

ஆபரேஷன் நாளில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டார்கள். கண் விழித்துத்தான் இருந்தேன். என் இடுப்பிலிருந்து எடுத்த மஜ்ஜை இருந்த குழாயில் யாருடைய பெயர் ஒட்டியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னேன். தாதி சிரித்துக்கொண்டே என் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினார். அதற்குப் பிறகுதான் கண்ணை மூடி ஜெபித்தேன்.

ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. அந்த ஆறு வாரமும் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் தூக்கி வந்தவர் யார் தெரியுமா? ரோஸ்மேரி அக்கா. முதல் வாரம் அதையும் சந்தேகப்பட்டேன், எதற்காக வருகிறார் என்று. ஒருநாள் கேட்டே விட்டேன். அவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஒன் கால் சரியில்லன்னு எங்க வீட்டுக்காரருக்கு எப்பவோ தெரியும்டி. ஒன்ன ஏன் எப்பவும் கீழ் மலையில நெரை போட்டாருன்னு நெனச்ச?"

கீழ் மலை சரிவு குறைந்த இடம். எனக்குக் கொழுந்து குறைந்த செடி வரிசையை, நிரையைத் தருகிறார்கள், பேர் வெட்ட வழி பார்க்கிறார்கள் என்று நான் மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்த இடம். ஜெப வீட்டில் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தது எனக்காக ஜெபிக்கத்தானாம். அன்றைக்குப் பட்ட வெட்கத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

சுகம் சட்டென்று வரவில்லை. நாலாவது மாதத்தில் முழங்கால் திரும்ப வீங்கியது. ஏமாந்துவிட்டேன் என்று ஒரு வாரம் படுத்துக் கிடந்தேன். ஆனால் இந்த முறை கிளினிக்கில் எண்ணைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆறு என்றேன். பயிற்சியை மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து ஸ்கேன் எடுத்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார் டொக்டர். நான் கேட்காமலே காட்டினார். குழி பெரும்பாலும் நிறைந்திருந்தது. முழுக்க இல்லை. இது எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டேன். தெரியாது என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது.

இப்போது மெதுவாக மலை ஏறுகிறேன். செங்குத்தான இடத்துக்குப் போவதில்லை. தராசில் முள்ளைப் பார்ப்பதையும் விடவில்லை. அதை விடும்படி ஆண்டவர் என்னிடம் கேட்கவும் இல்லை.

என்னைப் போலச் சந்தேகப்படுகிறவர்கள் இங்கே இருப்பீர்கள். சந்தேகத்தை வீட்டில் வைத்துவிட்டு ஜெபிக்க வாருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அதையும் கூடவே கொண்டு வாருங்கள். உங்கள் நம்பிக்கை போதாது என்று சொல்லி எதையாவது விற்கிறவர்களிடம் துணிந்து கேள்வி கேளுங்கள். ஆண்டவரை நம்புங்கள். நம்புவதென்றால் அவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். ஒன்பதை ஒன்று என்று சொல்லாதீர்கள். ஒன்று என்று சொன்னவளை அவர் எப்படித் தூக்குவார்?

போன ஞாயிற்றுக்கிழமை ஜெப வீட்டில் தலையணை ஒன்றைக் கீழே போட்டு, சாந்தியின் தோளைப் பிடித்து, மூன்று வருடத்துக்குப் பிறகு முழங்கால் போட்டேன். பாதி ஜெபத்தில் வலி ஆரம்பித்தது. முன்பென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்லியிருப்பேன்.

"மூணு, ஆண்டவரே," என்று சொல்லிவிட்டு எழும்பி, கதிரையில் உட்கார்ந்து மீதி ஜெபத்தை முடித்தேன்.